மைக் சாகவில்லை, வயர்தான்!

“இது போச்சு அங்கிள். உள்ள அறுந்துடுச்சு. புது மைக் ஒண்ணு வாங்கிடுங்க.”

ஜார்ஜ் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில், கடைக்காரத் தம்பி மீட்டரைக் காட்டி இப்படிச் சொன்னபோது அப்பா பதில் ஒன்றும் பேசவில்லை. மைக்கைக் கைக்குட்டையில் சுற்றி, கொண்டு வந்த பிஸ்கட் டின்னுக்குள்ளேயே திரும்ப வைத்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “விடும்மா.”

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். “தாத்தா மௌத் ஆர்கன் வாசிக்கணும், அந்தப் பழைய மைக்லதான் வாசிக்கணும்” என்று கேட்டது அவள்தான். அப்பாவுக்கு இப்போது 74 வயது. எழுபதுகளில் பினாங்கில் ஓர் இசைக்குழுவில் வாசித்தவர். கல்யாண வீடுகள், கோயில் திருவிழாக்கள், தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் போடுகிற தண்ணீர்ப் பந்தல்கள் என்று எம்ஜிஆர், சிவாஜி பாட்டுகளை ஊதித் தள்ளியவர். குழு கலைந்த பிறகு மைக் டின்னுக்குள் போனது. பேத்தி கேட்டதும் ஆசையாக எடுத்தார். ஆம்பில் செருகினால் ‘உம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது. குரலும் இல்லை, பாட்டும் இல்லை.

அந்த மைக் உண்மையில் சாகவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் பழைய மைக்கோ ரேடியோவோ ஒரு டின்னில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

கைக்குள் அடங்கும் மைக்

அப்பாவிடம் இருப்பது அமெரிக்காவின் அஸ்டாட்டிக் நிறுவனம் செய்த ஜேடி-30. முழுக்க உலோகம். முன்பக்கம் வட்டமான கம்பி வலை, பின்பக்கம் தோட்டா மாதிரி ஒடுங்கியிருக்கும். இதே வடிவத்தில் ஷூர் நிறுவனம் 1949-இல் கொண்டுவந்த 520 என்ற மாடலும் உண்டு. அதன் பச்சை நிறத்தையும் தோட்டா வடிவத்தையும் பார்த்து அதற்குக் ‘கிரீன் புல்லட்’ என்றே பெயர் வந்துவிட்டது.

இவை எதுவும் மௌத் ஆர்கனுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. அறிவிப்பு செய்யவும் வானொலித் தொடர்பில் பேசவும் செய்த சாதாரண மைக்குகள்தான். சிக்காகோவின் புளூஸ் கலைஞர்கள்தான் இவற்றுக்கு வேறொரு வாழ்க்கை கொடுத்தார்கள். மௌத் ஆர்கனையும் மைக்கையும் இரண்டு கைகளுக்குள் சேர்த்துப் பொத்திப் பிடித்து, சின்ன ஆம்பில் சத்தமாக வைத்து ஊதினால் சத்தம் தடித்து, கொஞ்சம் கரகரத்து, சாக்ஸபோன் மாதிரி வரும். லிட்டில் வால்டர் என்ற கலைஞர் 1952-இல் இப்படி வாசித்துப் பதிவு செய்த ‘ஜூக்’ என்ற இசைத்துண்டு அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன் பிறகு தோட்டா மைக் என்றாலே மௌத் ஆர்கன் மைக் என்றாகிவிட்டது.

அப்பாவுக்கு லிட்டில் வால்டரைத் தெரியாது. பிந்தால் தாலி சாலையில் பழைய சாமான் விற்ற கடையொன்றில் மலிவாகக் கிடைத்தது, கைக்குள் அடங்கியது, வாங்கினார். அவ்வளவுதான்.

மீட்டர் சொன்ன பாதி உண்மை

நான் வேலை பார்ப்பது கணக்குப் பிரிவில். மின்னணுவியல் படித்தவள் இல்லை. ஆனாலும் அன்றிரவு மைக்கின் பெயரை வைத்துத் தேடியபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது: இது கிரிஸ்டல் மைக்.

நாம் இன்று மேடையில் பார்க்கும் மைக்குகளில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு கம்பிச் சுருள் இருக்கும். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அதன் இரு முனைகளையும் தொட்டால் ஏதாவது ஓர் எண் காட்டும். எண்ணே வரவில்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கடைத் தம்பி செய்தது இந்தச் சோதனைதான். அந்த வகை மைக்குக்கு அது சரியான சோதனை.

கிரிஸ்டல் மைக்கில் சுருளே கிடையாது. ஒரு மெல்லிய படிகத் துண்டு இருக்கிறது. குரல் பட்டு அது லேசாக வளையும்போது அதிலிருந்தே மின்சாரம் பிறக்கிறது. மீட்டருக்கு அது ஒரு குட்டி கெப்பாசிட்டர் மாதிரிதான் தெரியும். ஓம் அளவில் வைத்தால் ‘இணைப்பு இல்லை’ என்றுதான் காட்டும். நல்ல மைக்கும் அப்படித்தான் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. நாம்தான் தவறான கேள்வியைக் கேட்டோம்.

சரியான கேள்வி வேறு. வயரைக் கழற்றிவிட்டு, மீட்டரை ஏசி மில்லிவோல்ட் அளவில் வைத்தேன். ஒரு முனையை மைக்கின் நடு ஊசியிலும், இன்னொன்றை வெளி உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, “அப்பா, மைக் பக்கத்தில வந்து ஏதாவது பேசுங்க” என்றேன்.

“என்ன பேச?”

அவ்வளவுதான், எண்கள் துள்ளின. அவர் பேசும்போது ஏறின, நிறுத்தினால் இறங்கின. மைக்குக்கு உயிர் இருந்தது.

புளிக்கு உறவான உப்பு

அந்தப் படிகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளாமல் சால்டரிங் அயர்னைத் தொட்டிருந்தால் நானே மைக்கைக் கொன்றிருப்பேன்.

அதன் பெயர் ரோஷல் உப்பு. பிரான்சின் லா ரோஷல் ஊரில் 17-ஆம் நூற்றாண்டில் ஒரு மருந்துக்காரர் பேதி மருந்தாக இதைத் தயாரித்தார். நம் புளியில் புளிப்பைத் தருகிற டார்டாரிக் அமிலம் இருக்கிறதே, அதிலிருந்து வருகிற உப்புதான் இது. அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தபோது அவர்கள் சோதித்தவற்றில் இதுவும் ஒன்று.

உப்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று சூடு. ஏறக்குறைய 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் படிகம் கெட்டுவிடும். பினாங்கு வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அந்தச் சூட்டைச் சுலபமாக எட்டும். சால்டரிங் அயர்னின் முனையோ 350 டிகிரி. இரண்டாவது எதிரி ஈரம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூடியில்லாத உப்பு ஜாடி என்ன ஆகிறது என்று சமையலறையில் பார்த்திருப்பீர்கள். அப்பாவின் மைக் பிழைத்ததற்கு இறுக்கமான அந்த பிஸ்கட் டின்னும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அதனால் முதலிலேயே ஒரு முடிவு எடுத்தேன். பழுது வெளியே இருந்தால் மைக்கின் மூடியைத் திறப்பதே இல்லை.

பழுது எங்கே?

ஜேடி-30-இன் அடியில் ஓர் ஆண் மரை இருக்கும். 5/8 அங்குல அகலம், அங்குலத்துக்கு 27 சுற்று. அமெரிக்க மைக் ஸ்டாண்டுகளில் இருக்கும் அதே மரை. நடுவில் ஒரே ஒரு ஊசி. வயரின் முனையில் இருக்கும் கனெக்டரை இதன்மேல் வைத்து, வளையத்தைத் திருகினால் பொருந்திக்கொள்ளும். இன்றைய மூன்று ஊசி கனெக்டர் இதில் சேராது.

வயருக்குள்ளும் இரண்டே பாதைதான். நடுவில் சத்தத்தைச் சுமக்கிற வயர். அதைச் சுற்றி வலைபோலப் பின்னிய செப்புக் கம்பி. இந்த வலைதான் எர்த், வெளி இரைச்சலைத் தடுக்கிற கவசமும் இதுதான்.

எந்தப் பாதை கெட்டது என்பதைச் சத்தமே சொல்லிவிடும். ஒன்றுமே கேட்காவிட்டால் வலையும் நடு வயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘உம்ம்’ மட்டும் வந்தால் ஏதோ ஒரு பாதை அறுந்திருக்கிறது. வயரை ஆட்டும்போது கரகரத்தால் உள்ளே இழைகள் ஒடிந்துகொண்டிருக்கின்றன.

மீட்டரை ‘பீப்’ அளவில் வைத்து, பிளக்கின் நுனிக்கும் கனெக்டரின் நடுப் புள்ளிக்கும் தொட்டேன். பீப் வந்தது. கனெக்டருக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் அருகே வயரை லேசாக வளைத்தேன். பீப் நின்றது. மீண்டும் நிமிர்த்தினேன், வந்தது. நடு வயர் அங்கேதான் ஒடிந்திருந்தது. வெளிப்புற ரப்பரும் வெடித்திருந்தது. அதன்மேல் யாரோ அந்தக் காலத்தில் சுற்றிய கறுப்பு டேப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, நடுப் புள்ளியில் குமிழ்போல இருக்க வேண்டிய ஈயம் பல வருடம் அழுந்தித் தட்டையாகிவிட்டது. மைக்கின் ஊசியை அது சரியாகத் தொடவே இல்லை.

கேபிள் புதிது போடுவது, கனெக்டர் பழையதே இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். நான்கு மீட்டர் கித்தார் கேபிள் வாங்கினேன். சால்டரிங் அயர்னைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். என் முதல் முயற்சியில் ஈயம் உருண்டு உருண்டு விழுந்தது, வயரில் ஒட்டவே இல்லை.

“தள்ளு, நான் பாக்கிறேன்”

பின்னாலிருந்து அம்மாவின் குரல்.

பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்டெல், ஏஎம்டி, ஹிட்டாச்சி, போஷ் என்று ஆரம்பத்தில் வந்த எட்டு நிறுவனங்களை இன்றும் ‘எட்டு சாமுராய்கள்’ என்கிறார்கள். அடுத்தடுத்து வந்த தொழிற்சாலைகளுக்கு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போனார்கள். அவர்களில் அம்மாவும் ஒருவர். 1977-இல் ஆப்பரேட்டராகச் சேர்ந்து 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். அம்மா ஃபேக்டரிக்குப் போனார் என்று தெரியும். அங்கே என்ன செய்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

“அயர்ன் முனையைப் பாரு, கறுப்பா இருக்கு. முதல்ல ஈர ஸ்பான்ஜ்ல தொடை, கொஞ்சம் ஈயம் பூசு. ஈயத்தை அயர்ன்ல வெச்சு உருக்காத. வயரைச் சூடாக்கு, அந்தச் சூட்டுல ஈயம் தானா ஓடணும்.”

பேசிக்கொண்டே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஃபேனை ஓடவிட்டு, புகை முகத்தில் படாதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, கனெக்டரைப் பழைய டூத்பிரஷும் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்துக் காய வைத்தார். உப்புத்தாள் போடப் போன என் கையைத் தட்டிவிட்டார். தேய்த்தால் மேல் பூச்சு போய் துரு ஏறுமாம்.

“முதல்ல ஸ்பிரிங்கை வயர்ல கோத்துக்கோ. எல்லாத்தையும் பத்த வெச்ச அப்புறம் ஸ்பிரிங் மேசையில கிடக்கும். அங்க புதுசா வர்ற பிள்ளைங்க எல்லாம் அந்தத் தப்பைத்தான் பண்ணும்.”

வேலையின் வரிசை இதுதான். வயரில் ஸ்பிரிங்கைக் கோர்க்க வேண்டும். வெளி ரப்பரைச் சீவி, வலைக் கம்பியைப் பிரித்து ஸ்பிரிங்கின் மேல் பின்பக்கமாக மடிக்க வேண்டும். நடு வயரின் நுனியைச் சீவி, கனெக்டரின் நடுவில் இருக்கும் துளை வழியாக வெளியே வரும்வரை நுழைக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் குட்டித் திருகாணியை முடுக்கினால் அது ஸ்பிரிங்கையும் வலையையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும். எர்த் இணைப்பே அந்தத் திருகாணியின் பிடியில்தான் இருக்கிறது. அது தளர்ந்தாலும் ‘உம்ம்’ வரும். கடைசியாகத் துளையில் ஈயம் விட்டுச் சிறு குமிழாக்க வேண்டும். குமிழ் தாழ்ந்தால் ஊசியைத் தொடாது, உயர்ந்தால் மரை முழுதாக இறங்காது. சூடு இரண்டு மூன்று வினாடிக்கு மேல் போனால் நடுவில் இருக்கும் காப்பு வட்டு உருகிவிடும்.

அம்மா வைத்த குமிழ் பளபளவென்று ஒரு மிளகு அளவுக்கு நின்றது.

ஆனால் மீட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. நடுப் புள்ளிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே இணைப்பே இருக்கக் கூடாது. எங்களுக்கோ ஓர் எண் காட்டியது. வலை இழை ஏதாவது உரசுகிறதோ என்று நான் திருகாணியைக் கழற்றினேன். அம்மா வயரின் நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். சில கித்தார் கேபிள்களில் வலைக்கு அடியில், நடு வயரின் காப்புக்கு மேல், மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் உறை ஒன்று இருக்கும். பார்த்தால் காப்பு மாதிரித்தான் தெரியும். அது மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தும். கேபிளை அசைக்கும்போது சத்தம் வராமலிருக்க அப்படிச் செய்கிறார்கள். அதையும் சீவி விலக்காததால் சத்தம் அதன் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. நுனியை வெட்டி மறுபடி செய்தோம். இந்த முறை மீட்டர் சரியென்றது.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதெல்லாம் தெரியும்னு நீ சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லையே” என்றார் அம்மா, அயர்னை அணைத்தபடி.

சத்தம் வந்தது, ஆனால்...

வீட்டில் இருந்த கராவோக்கே பெட்டியில் செருகினோம். இரைச்சல் போய்விட்டது, சத்தமும் வந்தது. ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல மெலிந்து கிடந்தது. “சளி பிடிச்ச மாதிரி இருக்கு” என்று அப்பா முகம் வாடினார்.

மைக்குக்கு வயதாகிவிட்டதோ என்று நானும் பயந்தேன். குறை அங்கேயும் இல்லை. கிரிஸ்டல் மைக் தருகிற மின்சாரம் மிகச் சொற்பமான ஓட்டம். அதை இழுத்துக் குடிக்காமல், அளந்து மட்டும் பார்க்கிற ஆம்ப் வேண்டும். பத்து லட்சம் ஓம், அதாவது ஒரு மெகாஓம் அல்லது அதற்கும் மேல் உள்ளீட்டுத் தடை இருக்க வேண்டும். கராவோக்கே பெட்டியின் மைக் துளை அதைவிடப் பல மடங்கு குறைவான தடை கொண்டது. அதில் போட்டால் முதலில் காணாமல் போவது தடித்த கீழ்ச் சுரங்கள்தான். கித்தார் ஆம்பின் துளை பெரும்பாலும் ஒரு மெகாஓம். அண்ணன் மகனின் சின்ன கித்தார் ஆம்பை எடுத்து வந்து செருகினோம்.

அப்பா மைக்கைக் கையில் பொத்திப் பிடித்து ஒரு பழைய பாட்டின் இரண்டு வரியை ஊதினார். அம்மா சமையலறைக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

நீங்கள் செய்து பார்ப்பதானால்

முதலில் மீட்டர், பிறகுதான் அயர்ன். மைக், வயர், ஆம்ப் மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். வயரை மைக்கிலிருந்து கழற்றிய பிறகே பற்றவையுங்கள். உள்ளே இருக்கும் படிகத்தின் முனைகளில் அயர்னை ஒருபோதும் வைக்காதீர்கள். வயர் நீளம் நான்கைந்து மீட்டருக்குள் இருந்தால் நல்லது. நீளம் கூடக் கூடக் கிரிஸ்டல் மைக்கின் சத்தம் குறையும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிடுங்கள்.

முக்கியமான ஒன்று. இந்த மைக் முழுக்க உலோகம், வாய்க்கு அருகில் வைத்து வாசிப்பது. பழைய வால்வு ஆம்பிலோ, எர்த் இல்லாத இரண்டு முனை பிளக் உள்ள ஆம்பிலோ செருகாதீர்கள். உதட்டிலோ கையிலோ சுருக்கென்று லேசாக உணர்ந்தாலும் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆம்பை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வால்வு ஆம்புக்குள் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

வைத்திருப்பதற்குக் கேமரா லென்சுக்கு வாங்குகிற ஈரம் நீக்கும் பெட்டி நல்லது. ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். ரொம்பவும் காய விடக் கூடாது. காய்ந்தாலும் இந்த உப்பு பொடிந்துவிடும்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அப்பா மைக்கை எடுத்துக்கொண்டு அதே ரிப்பேர் கடைக்குக் கிளம்பினார். சண்டை போடத்தான் போகிறாரோ என்று நானும் கூடவே போனேன். அவரோ மைக்கை மேசையில் வைத்து, “தம்பி, அந்த மீட்டரை எடு. ஓம்ல வைக்காத, மில்லிவோல்ட்ல வை” என்றார். பிறகு குனிந்து, மைக்குக்குள் அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னார்.

எண்கள் துள்ளின. தம்பி மீட்டரையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் அலமாரியைத் திறந்து, யாரோ விட்டுப்போன இன்னொரு பழைய மைக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதையும் பாத்துருவோமா அங்கிள்?”